இருபது கோட்டும் ஒரு கத்தரிக்கோலும்

"கத்தரிக்கோலை மட்டும் அடுத்தவன் கையில கொடுத்துடாதே..." என்று ஆரம்பித்து, ரங்கூன் தையற்கடையில் என் மாமா நீளமாக ஏதோ சொல்லுவார். பின்பாதி மறந்துவிட்டது. ஆள் போட்டும் அவதிப்படுகிற கடைக்கார அன்பர்களே, முன்பாதியை மட்டும் நம்பி சித்தூரில் நான் பட்ட பாடு இது.

எல்லைத் தகராறு

திருத்தணி பேண்டு வாத்திய மாஸ்டர் தன் ஆட்களுக்கு இருபது கோட்டு கேட்டார். திருப்பதியில் பெரிய இடத்துக் கல்யாணம்; என் கோட்டு எடுபட்டால் அங்கே இரண்டாவது கடை போட்டுவிடலாம். முனிரத்தினம், காசிம் என்று இரண்டு நல்ல தையற்காரர்கள் இருந்தும், துணி வெட்டுவது நான் மட்டும்தான். நான் ஒரு கோட்டு வெட்டுவதற்குள் அவர்கள் எல்லைத் தகராறுச் செய்தியை இரண்டு தடவை படித்துவிடுவார்கள். நாலாம் முறை வந்து பார்த்த மாஸ்டர் சொன்னார்: "எங்க ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னு கூட முடிவாயிடும் போலக்கீது, என் கோட்டு முடியாது!"

நகரியில் மேற்பார்வை

பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலையை நகரியில் ஒரு வீட்டுப் பெண்களிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேனா? நாலு கோட்டு வெட்டாமலே கிடக்க, பஸ் ஏறிப் போய் ஒவ்வொரு காஜாவையும் குனிந்து குனிந்து பார்த்தேன். அந்தப் பெண்களில் மூத்தவரான கமலம்மா ஊசியை என்னிடம் நீட்டினார்: "இந்தாண்ணா, நீயே தச்சிக்கினு இரு. நாங்க உன்னைப் பாத்துக்கினு இருக்கோம்."

பாதிக் கிராப்பு

திரும்பி வந்த பஸ் புத்தூரில் படுத்துவிட்டது. அப்போதுதான் பையைப் பார்த்தேன். கடையின் ஒரே வெட்டுக் கத்தரி உள்ளே! சாப்பிடப் போனாலும் அதை எடுத்துக்கொண்டு போகிறவன் நான்.

மறுநாள் மதியம் கடைக்குள் விழுந்தடித்து ஓடினால், மீதி நாலு கோட்டும் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து சலூன் கத்தரியை இரவல் வாங்கி முனிரத்தினம் வெட்டித் தள்ளியிருந்தான். சலூன் வாசலில் ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டிய ஒருவர் நின்றிருந்தார்: "டைலரே, உங்க கோட்டு ஆயிப்போச்சின்னா என் தலையை முடிச்சிக் குடுங்கய்யா!"

ஊதிப் பார்த்தபோது

கல்யாணத்துக்கு நானும் திருப்பதி போனேன். இருபது கோட்டும் ஜொலித்தன, ஊத ஆரம்பிக்கும் வரை. பதினாறு பேர் அக்குள் பிடித்து, கையைத் தூக்க முடியாமல் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு தவித்தார்கள். நாலு பேர் மட்டும் கையை உயரத் தூக்கி ஊரையே எழுப்பினார்கள். மாஸ்டர் என்னைத் தனியே இழுத்தார்: "அந்த நாலை வெட்டுனவனை இந்த ஊர்ல உக்கார வை, அத்தனை பேண்டும் உன்கிட்ட வரும். மத்த பதினாறை எந்தப் பாவிப்பா வெட்டுனான்?"

பதினாறையும் பிரித்து வெட்டும் வேலையையும், திருப்பதிக் கடையையும், கத்தரிக்கோலையும் முனிரத்தினத்திடம் கொடுத்துவிட்டேன்.