மருந்து என்றால் எந்த மருந்து?

போன வாரம் தம்பி பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஆன்லைனில் வாங்கிய பிரசவ மருந்தாம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். சுக்கு, திப்பிலி, ஓமம், பனைவெல்லம், நல்லெண்ணெய். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் அம்மாவின் அடுக்களை ஞாபகம் வரும். எனக்குப் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு சின்னத் தபால் நிலையத்தில் நான் கிளார்க். வீடு ஸ்ரீரங்கம். காவிரிப் பாலத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வருவதற்குள் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்தாகிவிடும். அங்கே எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கடிதக் கட்டுகளைப் பிரித்தால் சணலை வெட்ட மாட்டேன். முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரலில் எட்டுப் போட்டுச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். சணலுக்கு அவ்வளவு பஞ்சம். சட்டை துவைக்கும்போதெல்லாம் அம்மா, "ஏன்டா, கவர்ன்மெண்டுல சம்பளம் குடுக்கறாளா, கயிறு குடுக்கறாளா?" என்பாள். கவுண்ட்டருக்கு வருகிற ஜனங்களும் இந்த வித்தையை வேடிக்கை பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் மைமூன் அம்மா. என்னோடு காலேஜில் படித்த யூசுப்பின் தாயார். வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கிப்போவார். மறுநாள் எழுதி ஒட்டிக் கொண்டுவந்து பெட்டியில் போடாமல் என் கையிலேயே கொடுப்பார். "பெட்டியில போட்டா எங்க போவுதோ தம்பி. உங்ககிட்டன்னா பயமில்ல" என்பார். நாகூரில் கட்டிக்கொடுத்த மகள் சலீமாவுக்கு. மேல்விலாசம் யூசுப்பின் தமிழ்க் கையெழுத்து, கோணல்மாணல். அனுப்புநர் இடத்தில் மட்டும் அந்த அம்மாளே எழுதுவார், வலமிருந்து இடமாக, முத்து முத்தாக. நான் அதை உருது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. வேறு படித்திருந்தேன்.

அந்த வருஷங்களில்தான் 'தீவிரவாதி' என்ற சொல் எங்கள் பக்கம் புதுசாக வந்து இறங்கியது. புதுச் செருப்பு வாங்கியவன் வீட்டுக்குள்ளேயும் போட்டு நடந்து பார்ப்பான் இல்லையா, அந்த மாதிரி போலீஸ்காரர்களுக்கு அதை யார்மேலாவது போட்டுப் பார்க்க அரிப்பு. யார்மேல் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. பள்ளிவாசல் எத்தனை, யார் வீட்டுப் பிள்ளை வளைகுடாவுக்குப் போகிறான், யார் வீட்டில் டேப் ரெக்கார்டர் இருக்கிறது, எல்லாம் பட்டியல் போட்டார்கள். ஒரு நாள் மஃப்டியில் ஒரு ஏட்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். மஃப்டி என்றால் சட்டை மட்டும்தான் மஃப்டி. காலில் அதே பிரவுன் பூட்ஸ். தெருவில் இருந்த நாய்க்குக்கூட அவர் யாரென்று தெரியும்.

"அரபு எழுத்துல வர்ற போற லெட்டரையெல்லாம் தனியா எடுத்து வச்சிடுங்க தம்பி. வாரா வாரம் வந்து வாங்கிக்கிறேன்" என்றார். போஸ்ட் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "மேலிடத்து வாய்மொழி உத்தரவுப்பா. எழுத்துல கேட்டா வம்பு" என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்பதாவது! வேலை பெர்மனென்ட் ஆகி ஆறு மாசம். வெகு சிரத்தையாக எடுத்துவைத்தேன். அழகாக அடுக்கி, சணல் போட்டுக் கட்டி, மேலே 'உருது' என்று சிவப்புப் பென்சிலால் சீட்டும் எழுதி வைத்தேன். மைமூன் அம்மாளின் நீல இன்லேண்டும் அதில் போயிற்று. யூசுப்பின் கையெழுத்து எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் போட்டேன். 'நம்ம யூசுப் வீடு, அவர்களுக்கென்ன வரப்போகிறது, பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். என் பெரியப்பா காஞ்சிபுரத்திலிருந்து என் அப்பாவுக்கு, என் ஆபீஸ் விலாசம் போட்டு, கார்டு எழுதுவார். முழுக்கக் கிரந்த எழுத்து. பாதி ஸமஸ்கிருதம், மீதி அவருக்கும் பெருமாளுக்கும் மட்டுமே புரிவது. அதுவும் என் மேஜை வழியாகத்தான் போயிற்று. திருச்சி ஜில்லா போலீசில் ஒருவராவது அதைச் சங்கேதம் என்று சந்தேகப்பட்டாரா? பூணூல் போட்ட சங்கேதத்துக்கு இந்த நாட்டில் என்றைக்கும் விசாரணை கிடையாது.

யூசுப் திருவெறும்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். நல்ல வேலைக்காரன். சவூதியில் வேலை கிடைத்து, விசாவுக்கு அனுமதியும் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை முடிந்தால் விமானம் ஏற வேண்டியதுதான். நாற்பது நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. வீட்டில் பெட்டிகூட வாங்கியாயிற்று. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் அவனைக் கூப்பிட்டு, மேஜைமேல் அந்த இன்லேண்டைப் பிரித்துப் போட்டு, "படி" என்றாராம்.

மெட்ராசில் இருந்த ஒரு நிபுணருக்குக் கடிதத்தை அனுப்பியிருக்கிறார்கள். மகானுபாவர் ஒரு மாசம் வைத்திருந்து எழுதிய பதில்: 'எழுத்து அரபு. மொழி அரபு அல்ல, உருது அல்ல, பாரசீகமும் அல்ல. சங்கேதமாக இருக்கலாம்.' இன்ஸ்பெக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்திருக்கும்.

யூசுப் சொல்லியிருக்கிறான். "சார், அது தமிழ் சார். எங்க அம்மா தமிழைத்தான் அந்த எழுத்துல எழுதுவாங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்கல்லாம் அப்படித்தான்."

"எனக்கே தமிழ் சொல்லிக் குடுக்கிறியா? தமிழ்னா நீயே படி."

அங்கேதான் வந்தது வினை. யூசுப்புக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் அம்மா கூட்டி எழுதும் அந்த வேகக் கையெழுத்து அவனுக்கு வராது. அது அம்மாவும் மகளும் படிப்பது, ஆண்பிள்ளைகள் அதில் தலையிடுவதில்லை. "எனக்குப் படிக்க வராது சார்" என்றதும் இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. தன் தாய் எழுதியதைத் தனக்கே படிக்கத் தெரியாது என்கிறவன் தீவிரவாதியாக இல்லாமல் வேறென்ன?

மறுநாள் தாயாரை அழைத்துவரச் சொல்லி உத்தரவு. யூசுப் நேரே என்னிடம் வந்தான். "நீ கூட வாடா. கவர்ன்மெண்ட் ஆளு ஒருத்தன் இருந்தா அம்மாவைக் கொஞ்சம் மரியாதையாப் பேசுவாங்க" என்றான். லெட்டர் எப்படி அவர்கள் கைக்குப் போயிற்று என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனேன். பிரவுன் பூட்ஸ் ஏட்டு என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த இடத்தில் நாகரிகம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மைமூன் அம்மா கையில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. எதற்கு என்று அப்போது தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் என் சிவப்புப் பென்சில் சீட்டோடு இருந்த கடிதக் கட்டை எடுத்து முடிச்சை இழுத்துப் பிரித்து, சணலைக் கீழே எறிந்தார். நீல இன்லேண்டை அந்த அம்மாளிடம் நீட்டினார். ஐந்தாறு ஆண்கள் சுற்றி நிற்க, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, மகளுக்கு எழுதியதை அந்தத் தாய் தடங்கலில்லாமல் படித்தார். ஸலாம், நலம் விசாரிப்பு, மாசக் கணக்கு, கால் வீக்கம், ராத்திரி ஒருக்களித்துப் படு. யூசுப் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வந்தது அந்த வரி.

"மருந்து தயாரா இருக்கு. இடிச்சு சலிச்சு வச்சிருக்கேன். நாள் நெருங்குனதும் ஆள் மூலமாக் குடுத்தனுப்புறேன். உன் மாமியாருக்குத் தெரிய வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மருந்துன்னா எந்த மருந்து?"

"பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற மருந்துங்கய்யா."

"நாள்னா?"

"பிள்ளை பொறக்குற நாளுதாங்க."

"ஆள் யாரு?"

"எம் மவன்தாங்க. வேற யாரு போவா?"

உண்மையைச் சொன்னால் மகனுக்கு நல்லது என்று நினைத்துச் சொன்னார் பாவம். துப்பாக்கித் தொழிற்சாலைப் பக்கம் வேலை பார்க்கிறவன், மருந்து, இடித்துச் சலித்தது, ஆள் மூலமாக. வெடிமருந்தைத் தவிர வேறு மருந்தே இன்ஸ்பெக்டர் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. அவரைப் பெற்றவளும் இந்த மருந்தைத் தின்றுதானே எழுந்திருப்பாள்! மாமியாருக்கு ஏன் தெரியக்கூடாது என்று கேட்டார். "அவங்க மிளகை அள்ளிக் கொட்டுவாங்கய்யா, பால் குடிக்கிற புள்ளைக்கு ஆவாது" என்று சொல்லி, மைமூன் அம்மா டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார். ஸ்டேஷன் முழுக்கத் திப்பிலி வாசனை. ஏட்டு, "எங்க வீட்டுலயும் இதாங்கய்யா கிண்டுவாங்க" என்று முனகினார். "நீ சும்மா இருய்யா" என்று அவரை அடக்கிவிட்டு, இன்ஸ்பெக்டர் டப்பாவை ஆய்வுக்கு அனுப்பச் சொன்னார். அது போனது போனதுதான். சலீமாவுக்கு மருந்தும் போகவில்லை, கடிதமும் போகவில்லை.

கடைசியாக வாக்குமூலம் எழுதினார்கள். அதில் முதல் வரி: 'மேற்படி பெண்மணி எழுதப் படிக்கத் தெரியாதவர்.' கேட்டீர்களா? மெட்ராஸ் நிபுணருக்குப் படிக்க வராததை அரை மணிநேரம் வாசித்துக் காட்டியவர் எழுதப் படிக்கத் தெரியாதவராம். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ங்கய்யா" என்றார் அவர்.

"எதுல, அதுலயா? அது செல்லாது. கைநாட்டு வையி."

வைத்தார். கட்டைவிரல் மையைத் துப்பட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்தோம். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை, கை எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. கீழே கிடந்த சணலை எடுத்து, இரண்டு விரலில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்ரீரங்கம் வந்து அம்மாவிடம் சொன்னபோது, "பெத்தவளுக்கு மருந்து இடிக்கறது ஒரு குத்தமாடா? அந்தப் பிராமணன் எந்த ஊர்க்காரன்?" என்றாள். இன்ஸ்பெக்டர் பிராமணர் இல்லை. அம்மாவுக்கு உத்தியோகஸ்தர் எல்லோரும் பிராமணன்தான்.

'மேலும் விசாரணை தேவை' என்று எழுதி அனுப்பினார்கள். நாற்பது நாள் கடந்தது. யூசுப் போகவில்லை. பட்டறை முதலாளியும் நாசூக்காகக் கையை விரித்துவிட்டார். எடமலைப்பட்டி புதூரில் மோட்டார் ரிப்பேர்க் கடை போட்டான். தேசத்தில் எங்கே வெடித்தாலும் மறுநாள் அவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். 'சும்மா ஒரு விசாரணை' என்று அதற்குப் பெயர். இப்போது விமான நிலையத்தில் தாடியும் தொப்பியுமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டு 'ரேண்டம் செக்கிங்' என்கிறார்களே, அதற்கு மூத்த அண்ணன்.

அப்புறம் மைமூன் அம்மா அந்த எழுத்தில் எழுதவே இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கவுண்ட்டருக்கு வந்து, "நீங்களே தமிழ்ல எழுதிக் குடுங்க தம்பி, நீங்க நல்ல புள்ள" என்பார். வரிசையில் ஆட்கள் நிற்க, அந்நிய ஆணிடம் ஒரு தாய் மகளுக்கு என்ன சொல்லிவிட முடியும்? நலம், நலமறிய ஆவல். ஒருமுறை, "அந்த மருந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "வேணாம் தம்பி, அந்த வார்த்தையைப் போடாதீங்க" என்றார். முக்கால் பக்கம் காலியாகவே ஒட்டிக்கொடுத்தேன். அவர் இருந்தவரை நான்தான் எழுதினேன்.

இப்போது இன்லேண்டும் இல்லை, சணலும் இல்லை, அந்தத் தபால் நிலையத்தையே வேறெதனோடோ சேர்த்துவிட்டார்கள். பிரசவ மருந்து மோந்துவிட்டு வந்த சாயங்காலம் யூசுப்புக்குப் போன் போட்டேன். அம்மா எழுதிய தாள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒரு துண்டுகூட இல்லடா. போலீஸ்லதான் கேக்கணும். நீ எழுதுன சீட்டோட அங்க கிடக்கும்."

"உனக்கு எப்படா தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். ஸ்டேஷன்ல நீ சணலைச் சுத்துனதை அம்மா பாத்துட்டாங்க."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்து எழுதச் சொன்னாங்க?"

"அதனாலதான் சொன்னாங்க. 'அந்தத் தம்பியே எழுதுனா, அந்தத் தம்பி நிறுத்தாதுல்ல'ன்னு."