இரண்டை அழுத்திக் கற்ற மொழி

டென்னிஸ் நாம் என்பவனுக்குத் தெரிந்த கொரிய மொழி ஏழு வயதோடு நின்றுபோயிருந்தது. பள்ளியில் சேர்ந்த பிறகு அம்மா கொரிய மொழியில் திட்டுவாள், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இப்போது வயது நாற்பத்து நான்கு. கலிஃபோர்னியாவில், கார்டன் குரோவில், குழாய் ரிப்பேர் தொழில். கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மா வயதுக் கொரியர்கள். அவர்களிடம் வாயைத் திறந்தால் சின்ன வயதில் அம்மா அவனிடம் பேசியதுதான் வரும்: வா, தின்னு, தொடாதே, கையைக் கழுவு. அதில் மரியாதைச் சொல் மருந்துக்கும் கிடையாது. குழந்தையிடம் போய் யார் மரியாதையாகப் பேசுவார்கள்?

வினை வந்தது தாக் அம்மாளின் உணவகத்தில். மதியக் கூட்ட நேரத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி பொங்கித் தரையெல்லாம் கொழுப்புத் தண்ணீர். டென்னிஸ் பெட்டியோடு ஓடிப் போனான். அவசரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே அவசரப் பேச்சு வந்தது.

"ஏய், தள்ளு. தண்ணிய மூடு. சீக்கிரம். இல்லன்னா அடி விழும்."

எழுபது வயது தாக் அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருக்குடா அடி விழும்?"

வேறு ஆள் வந்து அடைப்பை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் சர்ச் முழுக்கப் பரவிவிட்டது. அம்மா ஆராதனை முடிந்து நேராக மகன் வீட்டுக்கு வந்தாள்.

"மீசை வெச்ச குழந்தையைப் பெத்திருக்கேன்னு சிரிக்கிறாங்க."

"நீயே சொல்லிக் குடேன்மா."

"அந்தப் பொறுமை இருந்திருந்தா அப்பவே குடுத்திருக்க மாட்டேனா?"

சனிக்கிழமை மொழிப் பள்ளியில் விசாரித்தான். அவன் தரத்துக்கு ஆறு வயதுப் பிள்ளைகள் வகுப்புதான் இருந்தது. அந்த நாற்காலியில் அவனுடைய ஒரு தொடைகூட உட்காராது. ஒன்றாம் வகுப்புப் புத்தகம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். வேனுக்குள் கண் படும் இடமெல்லாம் சொல் எழுதிய சீட்டுகளை ஒட்டினான். எழுத்து ஏறியது, பேச்சு ஏறவில்லை. பேசிப் பழக ஆள் வேண்டும். சிரிக்காத ஆளாக வேண்டும்.

அந்த ஆள் வங்கியின் தொலைபேசியில் கிடைத்தாள். கொரிய மொழிக்கு இரண்டை அழுத்தினால் பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரல் நிதானமாக, பணிவாகப் பேசும். எத்தனை தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. வேலைக்குப் போகிற வழியெல்லாம் இரண்டை அழுத்தி, அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான். நான்கு மாதத்தில் உச்சரிப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

அடுத்து, ஓய்வுபெற்ற பாடகர்குழு நடத்துநர் ஒருவர் வீட்டுக்குப் போனான். கழிவறையைப் பார்த்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

"தங்கள் கழிவறை அவர்கள் தற்சமயம் இயங்கவில்லை. சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்."

பெரியவர் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வருந்துறோம்னா, இன்னும் யார் வந்திருக்காங்க?"

மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில் தாக் அம்மாளின் கடையில் குழாய் வெடித்தது. அன்று ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்து, எண்பது பேர். வழக்கமாக வரும் ஆள் ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் டென்னிஸின் எண்ணைத் தட்டினாள்.

"வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தங்களுக்கு எவ்வகையில் உதவலாம்?"

தாக் அம்மாள் ஒன்றை அழுத்தினாள். பிறகு பூஜ்யத்தை அழுத்தினாள்.

"தயவுசெய்து தங்கள் தேவையைத் தெரிவிக்கவும்," என்றான் டென்னிஸ்.

"அட, மனுஷங்க யாராச்சும் பேசுங்கப்பா. இங்க தண்ணி முழங்காலுக்கு வந்திருச்சு."

"நான் மனிதன்தான் அம்மா."

"இப்பல்லாம் மெஷினே அப்படித்தான் சொல்லுது," என்று வைத்துவிட்டாள்.

குரலை அடையாளம் கண்டுகொண்ட டென்னிஸ், கூப்பிடாமலே போய் நின்றான். ஈரப் பாவாடையோடு நின்றவள் அவனை மேலும் கீழும் பார்த்து வழி விட்டாள். தொட்டிக்கு அடியில் படுத்து, துருப்பிடித்த இணைப்பைத் திருகினான். ரெஞ்சு வழுக்கிக் கட்டைவிரலை நசுக்கியது. வங்கிக் குரல் பறந்துபோனது. அம்மா சுடுதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டபோது சொன்ன வசவு, அவள் ஊர் இழுவையோடு, முழுசாக வெளியே வந்தது.

மறுபடியும் துரத்தப்போகிறாள் என்று டென்னிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

தாக் அம்மாள் குனிந்தாள். "உங்கம்மா மிர்யாங் ஊர்க்காரியா?"

"ஆமா."

"நான் பக்கத்துல சாங்னியோங். இந்த வசவைக் கேட்டு முப்பது வருஷமாச்சு." கொஞ்சம் யோசித்தாள். "இவ்ளோ நல்ல பேச்சை வெச்சுக்கிட்டு எதுக்குப் பொட்டிக்குள்ள இருந்து பேசுற மாதிரி பேசுற? உங்கம்மா பேச்சையே பேசு. ஒவ்வொண்ணு முடிவுலயும் ஒரு 'ங்க' சேத்துக்கோ. தண்ணிய மூடுங்க, தள்ளுங்க. அவ்ளோதான்."

"அடி விழுங்க?"

"அதை மட்டும் விட்டுரு."

விருந்து அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. டென்னிஸுக்கு அடுப்படியிலேயே கடற்பாசி சூப்பும் சுட்ட விலா இறைச்சியும் கிடைத்தன. தாக் அம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். பாதிதான் புரிந்தது. புரியாத சொற்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தான்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"என்னடா தப்புப் பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மாதான் கேட்டேன்."

"கோளாறு புடிச்சவன்," என்று வைத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

"சாப்பிட்டேன்," என்றாள் அம்மா.