தௌக்கேயின் குழாயில் ஒரு ஓட்டை

தெய்க் ஹின் அண்ணன் வாய் திறந்து பேசி எங்கள் மாடியில் யாரும் அதிகம் கேட்டதில்லை. பினாங்குக்கும் ஈப்போவுக்கும் பஸ் ஓட்டியே வயது போய்விட்டது. 'ஓட்டுநரிடம் பேசாதீர்' என்று பஸ்ஸில் எழுதிப் போட்டிருந்தது வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ! ஓய்வு பெற்றதும் ஒரு அரோவானா மீனை வாங்கி, முதலாளி என்ற அர்த்தத்தில் 'தௌக்கே' என்று பெயர் வைத்தார். அதனிடம் மட்டும் ஓயாமல் பேசுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று மனுஷன் உருகிப் போவார்.

மீனாவது பேசாது. தொட்டிதான் பேசித் தொலைத்தது.

மேல் தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே உள்ள சின்னத் தொட்டிக்கு இறங்கும். மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். அண்ணனே கட்டிய ஏற்பாடு. ஆரம்பத்தில் சத்தமே இல்லை. குழாயின் மேல்முனை மூடியில் பக்கவாட்டாக இருந்த பொடி ஓட்டையை அவர் மனைவி கிம் லுவான் பார்த்த நாளில்தான் சனி பிடித்தது.

"யோவ், இந்த ஓட்டை வாசலைப் பாத்துல்ல இருக்கு! வீட்டு அதிர்ஷ்டமெல்லாம் இது வழியா வெளிய போயிடும். அடைய்யா!"

அண்ணன் பசை வைத்து அடைத்தார். அன்றிலிருந்து குழாய் களக் களக் என்று விக்கும். பிறகு யாரோ கக்கூஸில் தண்ணீர் இழுத்துவிட்ட மாதிரி மடக்கென்று ஒரே விழுங்கு. மறுபடி விக்கல்.

சனிக்கிழமை மதியம் எங்கள் மாஜோங் என்னும் சீனக் காயாட்டம் அந்த வீட்டில்தான். கிம் லுவான், சுவீ இம், கியோக் எங், நாலாவது கை நான். நான் தமிழச்சி என்றாலும் காய் அடுக்கினால் மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அது.

குழாய் சத்தம் வந்த பிறகு சுவீ இம் ஆட்டத்துக்கு ஆட்டம் பாத்ரூமுக்கு ஓடினாள். கியோக் எங்குக்கு வேறு கவலை. தண்ணீர் உள்ளே வருகிற சத்தம் யோகம், வடிகிற சத்தம் நாசம் என்பது அவள் கணக்கு.

"நான் ஜெயிக்கப் போறப்பல்லாம் உன் வீட்டுக் குழாய் என் யோகத்தை முழுங்குதுலா! இனிமே என் வீட்டுல வச்சுக்கலாம்," என்று அவள் எழுந்தேவிட்டாள்.

அவள் வீடு மலை மேட்டில். கிம் லுவானுக்கு முழங்கால் வலி, லிப்டுக்கு நடப்பதே பெரும்பாடு. சனிக்கிழமை போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? நாங்கள் கிளம்பும்போது அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் புருஷனிடம் திரும்பியபோது கண்ணீரைக் காணோம்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லைன்னா உன் தௌக்கே கடைக்குப் போறான்!"

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. குழாய்க்குத் துண்டு சுற்றினார், கேட்கவில்லை. பஞ்சு வைத்தார், ஊகூம். கடைசியில் தன் பழைய காலுறையைக் குழாய்க்குள் திணித்தார். சத்தம் நின்றது. தண்ணீர் இறங்குவதும் நின்றது. ஆனால் மோட்டார் நிற்குமா? மேல் தொட்டி வழிந்து கூடமெல்லாம் வெள்ளம். கிம் லுவான் வழுக்கி, சோபாவில் போய் உட்கார்ந்தபடி விழுந்தாள். அவள் திட்டிய திட்டு என் வீட்டு அடுப்பங்கரை வரை கேட்டது.

மறுநாள் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். அதுவே அதிசயம்.

"தனம், பஸ்ஸுல டீசல் டேங்க் மூடியில காத்து ஓட்டை அடைச்சிட்டா இஞ்சின் இருமும். இந்தக் குழாயும் மூச்சு விட முடியாமத்தான் விக்குது. மறுபடி ஓட்டை போடணும். அவகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

பொய் சொல்ல என்னை விட்டால் ஆள் ஏது! நேராகப் போய்ச் சொன்னேன்.

"அடியே கிம் லுவான், ஓட்டை இருக்கறது தப்பில்ல. வாசலைப் பாக்கறதுதான் தப்பு. மூடியத் திருப்பி அரிசி டப்பாவைப் பாத்து வச்சுட்டா, போற அதிர்ஷ்டமெல்லாம் அரிசியிலதானே விழும்?"

அவள் யோசித்தாள். "அட, ஆமால்ல!"

அண்ணன் துளைபோட்டு மூடியைத் திருப்பினார். தொட்டி ஊமையாகிவிட்டது.

சனிக்கிழமை எல்லாரும் வந்தோம். கியோக் எங் முதல் ஆட்டமே ஜெயித்தாள். அண்ணன் அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார். சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிய பழக்கம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

"உன் ஆளு பேசுவானா, இல்ல கிளட்ச் மிதிச்சாத்தான் சத்தம் வருமா?" என்றாள் சுவீ இம்.

சிரித்தோம். கிம் லுவானும் சிரித்தாள். பிறகு காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் ஆனதிலேர்ந்து என்கிட்ட பேசினதைவிட அந்த மீன்கிட்ட ஒரு மாசத்துல பேசினது அதிகம். நானும் தொட்டியில பொறந்திருக்கலாம்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. குழாய் சத்தம் இல்லாததால் பேசியதெல்லாம் அங்கே கேட்டிருக்கும் என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் கோப்பித் தட்டோடு வந்தார், ஆளுக்கொரு கோப்பை வைத்தார், போய்விட்டார்.

"ஆலமாக், போச்சு! அந்தச் சத்தத்தைத் திரும்பப் போட முடியாதா?" என்று கிசுகிசுத்தாள் கியோக் எங்.

மறுநாள் காலை நான் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணன் வழக்கம்போலத் தொட்டி முன்னால் மீனையே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அடுப்படியிலிருந்து கிம் லுவான் கத்தினாள். "பைத்தியமாய்யா உனக்கு? மீனுக்கு ஏது முழங்கால்?"

"மீனைக் கேக்கல," என்றார், திரும்பாமலே. காது சிவந்திருந்தது.

அடுப்படியில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"வலது பரவால்ல. இடதுதான் வலிக்குது," என்றாள்.