சோணைமுத்து பாஸ் பண்ணாத போட்டோ

சோணைமுத்துவின் கண்ணில் மண்ணைத் தூவும் டெய்லர் பெருமாநல்லூரில் இன்னும் பிறக்கவில்லை. மானாமதுரைப் பக்கமிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் ஒரே பனியன் கம்பெனி, ஒரே செக்கிங் டேபிள். டியூப்லைட்டுக்குக் கீழே டி-ஷர்ட்டை விரிப்பார், புரட்டுவார். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ, எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவார். நல்ல பீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். குறையைக் கண்டுபிடிக்கத்தானே சம்பளம்?

சிக்கல் என்னவென்றால், அந்தக் கண்ணை மனிதர் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

பதினொன்றாவது படிக்கும் மகள் நதியாவுக்கு அப்பாவின் நிறம், அப்பாவின் மூக்கு. பேச்சுப்போட்டி என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறவள், இந்த வருஷம் எதற்கும் கொடுக்கவில்லை. மூன்று மாதமாக மாஸ்க் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்த அன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருந்தது. சோணைமுத்து பழியைச் செல்போன் மேல் போட்டார். கூடப் படிக்கிற பிள்ளைகள் முகத்தை வெள்ளை வெளேரென்று மாற்றிப் போட்டோ அனுப்பிக்கொள்வதை அவரும் பார்த்திருந்தார். "எல்லாம் இந்தக் கருமம் பண்ற வேலை" என்று மனைவி சீனியம்மாளிடம் முனகினார். சீனியம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் கதிர்வேல் கூப்பிட்டார். பெண்பிள்ளைகளுக்கான புது டி-ஷர்ட்டில் தொங்கவிடும் அட்டைக்கு ஒரு போட்டோ வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய மாடல் பெண் வரவில்லை.

"ஏனுங்க சோணைமுத்து, உங்க பொண்ணுக்கு மீடியம் சைஸ் சரியா இருக்குமுங்களா? நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

சோணைமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

"நான் வரலப்பா" என்றாள் நதியா.

"ஏத்தா?"

நதியா தன் புத்தக அலமாரியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அதில் பார்த்தால் நெற்றியும் கன்னமும் தாடையும் தெரிகிற இடத்தில் ஏழெட்டுச் சிவப்பு அம்புகள். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஸ்டிக்கர்கள்தான்.

"தெனமும் வந்ததும் லைட்டுக்குக் கீழ நிக்க வச்சு நாடியத் தூக்கிப் பாக்குறீங்கள்ல? இங்க பரு ஒண்ணு புதுசா வந்திருக்கு, அங்க கறுத்திருக்குன்னு சொல்றீங்கள்ல? போன்ல என்னைய யாரும் ஒண்ணும் சொல்லலப்பா. நீங்கதான் சொல்றீங்க."

சோணைமுத்து விக்கித்துப் போனார். பிள்ளையை ஆசையாகப் பார்ப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"தப்புத்தான் ஆத்தா. நீ வர வேணாம். நானும் இனிமே பாக்க மாட்டேன்."

நதியா கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, "பாருங்கப்பா. செக் பண்ணாதீங்க" என்றாள். மறுநாள் காலையில் அவளாகவே கிளம்பி நின்றாள். ஒரு தடவை வந்துதான் பார்க்கிறேனே என்றாள்.

கம்பெனி ஆபீசில் போட்டோக்காரர் செல்வக்குமார் பத்துப் பதினைந்து படம் எடுத்தார். அதில் ஒன்றை லேப்டாப்பில் திறந்து என்னவோ தட்டினார். பருக்கள் மறைந்தன. நெற்றி மினுங்கியது. முகம் பால்கோவா மாதிரி ஆகிவிட்டது.

"சூப்பருங்க!" என்றார் கதிர்வேல்.

உள்ளதைச் சொன்னால், சோணைமுத்துவுக்கும் ஒரு நொடி பிடித்துத்தான் இருந்தது. அப்புறம் மகளைப் பார்த்தார். கழற்றிய மாஸ்க்கைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இப்போது 'நல்லாயிருக்கு' என்று தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இந்தப் பிள்ளை இனி நாலு பேர் முன்னால் முகம் காட்டாது என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் நதியா முந்திக்கொண்டாள்.

"அண்ணே, மொதல்ல எடுத்தீங்களே, அதையே போடுங்க."

"ஏங்கண்ணு, இது அழகாத்தான இருக்குது?" என்றார் மேனேஜர்.

"மொகம் ஒரு கலரு, கழுத்து ஒரு கலரா இருக்கு சார். டி-ஷர்ட்டுல உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு வந்தா விடுவாரான்னு எங்கப்பாகிட்ட கேளுங்க."

ஆபீசே சோணைமுத்துவைத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் முன்னால் 'சரிங்க' என்பதற்கு மேல் பேசி அறியாத மனிதர். அன்றைக்கு வாயைத் திறந்தார்.

"விட மாட்டேங்க. அந்தக் கறுப்பு நான் குடுத்ததுங்க. அதுல ஒரு குறையும் இல்லீங்க."

கதிர்வேல் படத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். கொஞ்சம் சங்கடமாகச் சிரித்துவிட்டு, "செல்வக்குமார், அந்தப் பழசையே போட்டுருங்க" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் டீக்கடை, பேக்கிங் செக்‌ஷன், குடியிருக்கும் லைன் வீடுகள் எல்லாம் பரவிவிட்டது. பரப்பியது சோணைமுத்துவேதான். ஆனால் கதை கொஞ்சம் மாறியிருந்தது. "நான் எங்கய்யா பேசுனேன்? என் மகதான் மேனேஜர் மூஞ்சிக்கு நேரா, 'இந்தக் கறுப்பு எங்கப்பா குடுத்தது, அதுல ஒரு குறையும் இல்ல'ன்னு சொல்லிப்புட்டா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டு சாயிரா பானு ஆச்சரியம் தாங்காமல் வந்து வாசலில் நின்றாள். "ஏ நதியா, நெசமாவே நீயா அப்படிச் சொன்ன?"

நதியா அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரமாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா" என்றாள் நதியா. "நாந்தான் சொன்னேன்."