சின்னம்மாவுக்காக எழுதிய பக்கம்

ஒன்பதாம் வகுப்பில் படித்த வருடம் அம்மாவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு பெரிய பொய் என்பதுதான் தெரியாது.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு வீட்டு வேலைக்காக வெளிநாடு போயிருந்தாள். முதல் வருடம் கடிதங்கள் வந்தன. மஸ்கெலியா டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மாதம் ஒரு தடவை போன் எடுப்பாள். அம்மா ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். பிறகு கடிதம் நின்றது. போனும் நின்றது.

அன்றிலிருந்து மாதம் ஒரு திங்கட்கிழமை, முந்தின சனிக்கிழமை காலை வேலை பிரிக்கும் பெரட்டில் தோட்ட அதிகாரியான கண்டாக்கிடம் சொல்லிவைத்துவிட்டு, அம்மா ஹட்டனுக்கு பஸ் ஏறுவாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகாததால் அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. சின்னம்மாவை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரரின் அறை ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார், உட்காரச் சொல்லமாட்டார். ஆனாலும் அவள் போகாமல் நின்றால் கடைசியில் ஒரு தாளை எடுத்து அந்த நாட்டில் இருக்கும் ஏஜென்சிக்குக் கடிதம் எழுதுவார். எழுதி முடித்து உறையில் போடுவதைப் பார்த்த பிறகுதான் அம்மா படியிறங்குவாள். அந்தத் திங்கட்கிழமைகளில் தண்ணீர் எடுப்பதும் தம்பிக்குச் சோறு ஆக்கிப் போடுவதும் என் தலையில் விழும். எனக்கு அந்த நாட்களைப் பிடிக்காது.

அந்த வருடம் டவுனில் தேவாலய மண்டபத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமைக் கணினி வகுப்பு தொடங்கினார்கள். நான்கு கணினிகள், பதினேழு பிள்ளைகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் படிப்பித்தார். எச்.டி.எம்.எல். என்றார், வெப் பக்கம் எழுதும் பாஷை என்றார். கூரான அடைப்புக்குள் ஓர் எழுத்தைப் போட்டால் அதற்குப் பின்னால் வரும் சொல் தடித்துவிடும். அதே எழுத்தைச் சாய்கோட்டோடு போட்டு மூடினால் தடிப்பு நின்றுவிடும். மூட மறந்தால் பக்கம் முழுவதும் தடித்துப்போகும். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. இப்படி எழுதும் பக்கத்தை உலகத்தில் எந்த மூலையில் இருப்பவர்களும் பார்க்கலாம் என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, அம்மா பிஸ்கட் டின்னுக்குள் இருந்து சின்னம்மாவின் ஸ்டூடியோப் படத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இவள போடுறியா பாப்பா? எங்கயாச்சும் யாராச்சும் பாத்து சொல்லுவாங்கல்ல."

டீச்சர் படத்தை ஹட்டனுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்து பிளாப்பியில் கொண்டுவந்து தந்தார். நான் இரண்டு சனிக்கிழமைகள் அந்தப் பக்கத்தை எழுதினேன். மேலே பெரிய எழுத்தில் சின்னம்மாவின் பெயர், அதற்குக் கீழே படம், பிறகு தோட்டத்தின் பெயரும் கடையின் போன் நம்பரும். தமிழ் எழுத்து அந்தக் கணினிகளில் ஒழுங்காக வராததால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். முதலில் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறிதான் வந்தது. படத்தின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். அதைத் திருத்தியதும் சின்னம்மா, நீலத் திரைச்சீலைக்கு முன்னால், கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வகுப்பே எழுந்து வந்து பார்த்தது.

நான் டீச்சரிடம், சின்னம்மா இப்போது இதைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"இல்லப் பிள்ளை, இது இன்னும் ஏறேல்ல. இந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்குது. ஏத்துறதுக்கு இன்டர்நெட் லைன் வேணும். நான் கண்டிக்குப் போகேக்க பாப்பம்."

அடுத்த சனிக்கிழமை, நான் எதிர்பார்க்காமல், அம்மா மண்டபத்துக்கு வந்துவிட்டாள். திருவிழாவுக்குக் கட்டும் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். டீச்சர் அடுத்த கோடியில் வேறொரு பிள்ளையோடு இருந்தார். நான் பக்கத்தைத் திறந்தேன். அம்மா படத்தையே வெகுநேரம் பார்த்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்லச் சொன்னாள். அந்த வாரம் கற்ற வித்தையைக் காட்டுவதற்காகச் சின்னம்மாவின் பெயரை வலமிருந்து இடமாக ஓடவிட்டிருந்தேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பேரு ஏன் ஓடுது? நிக்கட்டும். படிக்கிறவங்களுக்கு நேரம் வேணுமில்ல."

நான் அந்தக் கட்டளையை அழித்துப் பக்கத்தை மறுபடி திறந்தேன். பெயர் அசையாமல் நின்றது.

"ஒலகத்துல எல்லா எடத்துலயும் நின்னுருச்சா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

உலகத்தையே நான் நிறுத்திவிட்டதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான், "ஆமாம்மா," என்றேன். டீச்சர் கண்டிக்குப் போனதும் அது உண்மையாகிவிடும் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அம்மா ஹட்டனுக்குப் போகவில்லை. உலகமே பார்க்கிற இடத்தில் படம் இருக்கும்போது அந்த ஆளுக்கு முன்னால் போய் எதற்கு நிற்கவேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். அதற்கடுத்த மாதமும் போகவில்லை. திங்கட்கிழமைகளில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விளையாடப் போக முடிந்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டீச்சர் கண்டிக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்காமல் வருவேன். சில மாதங்களில் அவருக்குக் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போனார். வகுப்பும் நின்றது. கணினிகளை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சின்னம்மாவின் பக்கம் அதில் ஒன்றுக்குள் இருந்தது. அம்மா அவ்வப்போது, "யாராச்சும் பாத்திருக்காங்களா?" என்று கேட்பாள். நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

நான் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் சின்னம்மா வந்து சேர்ந்தாள். அவள் வேலை செய்த வீட்டில் கிழவி செத்துப்போக, மகன்கள் பாஸ்போட்டைக் கையில் கொடுத்து விமானம் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஒரு பையோடு எங்கள் வரிசை வீடுகளின் லயத்துப் படியேறி வந்தபோது எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. முன்பக்கத்து முடி முழுக்க நரைத்திருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கதவைப் பூட்டிவைப்பார்கள், போனைத் தொடவிடமாட்டார்கள் என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா என்னைக் காட்டி, "இவ ஒன்னய கம்பியூட்டர்ல போட்டிருந்தாளே, நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

சின்னம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"பாத்தேன்க்கா," என்றாள். "நல்லா இருந்திச்சு."

டீச்சர் எங்கிருந்தோ அதை ஏற்றித்தான் இருக்கிறார் என்று, சின்னம்மா சொன்ன பூட்டிய கதவு ஞாபகத்துக்கு வரும்வரை, ஒரு நாள் முழுக்க நம்பினேன். அந்த ஒரு நாள் நான் எவ்வளவு லேசாக இருந்தேன் என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் ஏஜென்சியில் கொடுத்துவைத்திருந்த சின்னம்மாவின் பிறப்புச் சான்றிதழை வாங்க மூன்று பேரும் ஹட்டனுக்குப் போனோம். அதே மாடி, அதே ஆள். சின்னம்மாவைப் பார்த்ததும் அவர் திகைத்துப்போனார்.

"இப்பத்தான் வந்தாங்களா? நீங்க வாறத விட்டுட்டீங்கதானே. நாங்க ஆள் வந்திருச்சின்னு நெனச்சி ஃபைல மூடிட்டோம்."

எப்போது மூடினீர்கள் என்று அம்மா கேட்டாள். அவர் அட்டையைப் புரட்டி மாதத்தைச் சொன்னார். கடைசிக் கடிதத்துக்கு அங்கிருந்து ஒரு பதில்கூட வந்திருந்ததாகவும், விலாசத்தை உறுதிப்படுத்தக் கேட்டிருந்ததாகவும், அதற்குப் பிறகு யாரும் வராததால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். அம்மா அவரோடு சண்டை பிடிக்கவில்லை. சின்னம்மாதான் சான்றிதழை வாங்கிக்கொண்டு, அம்மாவின் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கினாள்.

பஸ்ஸில் அவர்கள் இருவரும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரிடத்தில் சின்னம்மா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டுவிடுவாள் என்று பரீட்சை முடியும் வரை நான் பயந்துகொண்டே இருந்தேன். ஆனால் அம்மா என்னிடம் அந்தப் பக்கத்தைப் பற்றி அதன் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.