கேட்டில் தொங்கிய மக்

படைப்பாற்றல் என்பது கறுப்பு டீ-ஷர்ட்டில் இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன். காலர் இல்லாத கறுப்பு டீ-ஷர்ட், வட்டக் கண்ணாடி, எதைப் பார்த்தாலும் லேசாகப் பல் வலிப்பது போன்ற முகம். இவை ஒரு மனிதனிடம் சேர்ந்துவிட்டால் யோசனைகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும் என்பது என் கணிப்பு. டிசைன் வகுப்பில் சேர்ந்த வாரமே ஆவடி மார்க்கெட்டில் கறுப்பு டீ-ஷர்ட்டுகள் வாங்கினேன். வெள்ளெழுத்துக் கண்ணாடியை வட்ட பிரேமுக்கு மாற்றினேன். முகம் மட்டும் என்னுடையதாகவே இருந்தது.

முதல் நாள் அந்தக் கோலத்தில் வெளியே வந்தபோது எதிர் வீட்டு ஆட்டோக்காரர் கைகூப்பினார்.

"இன்னா சாமி, எப்போ மாலை போட்ட? சொல்லவே இல்ல. மலைக்கு என் வண்டிலயே போலாம், ரயிலடி வரைக்கும் இட்டுகினு போறேன்."

"சாமியும் இல்ல, மாலையும் இல்ல அண்ணாத்தே. இது டிசைன்."

"அப்போ செருப்பு போட்டுக்கலாமா?"

ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறேன். கீழ்த் தளம். தகரக் கூரை. மே மாதத்தில் அங்கே அப்பளத்தை எண்ணெய் இல்லாமலே பொரிக்கலாம். மாடியில் புதிதாக டிசைன் பிரிவு திறந்தார்கள். ஏசி, கண்ணாடிக் கதவு, சத்தமே போடாத நாற்காலிகள். மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "வார இறுதி டிப்ளமோ ஒண்ணு முடிச்சிட்டு வாங்க, மேல ஒரு சீட் போட்டுடலாம்" என்றார். மற்றவர்கள் கலைக்காக டிசைன் படிக்கிறார்கள். நான் ஏசிக்காகப் படித்தேன்.

வகுப்பு பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், சனி ஞாயிறுகளில். உடன் படித்தவர்கள் என் மகள் வயதுப் பிள்ளைகள், என்னை "அங்கிள்" என்றார்கள். பாடம் எடுத்த மேடம் அவர்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், என்னை "சார்" என்றார். அவரை நான் "மேடம்" என்றேன். இப்படி ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே இரண்டு வருடத்தை ஓட்டினோம்.

கடைசியில் தேர்வுக்காக ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் எந்த டிசைனரும் கைவைக்காத ஒரு பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை நாம் புதிதாக வடிவமைக்க வேண்டும், தேர்வுக் குழு முன்னால் விளக்க வேண்டும். அதில் தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் மாடி. தேறாவிட்டால் அப்பளம்.

வீட்டில் எதைப் பார்த்தாலும் யாரோ ஏற்கெனவே கைவைத்திருந்தார்கள். டிவி ரிமோட்டுக்கு என் மனைவி பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தாள். பாவாடையில் நாடா கோக்க ஊக்கு இருந்தது. ஆடும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே பழைய கல்யாணப் பத்திரிகை மடித்துச் சொருகியிருந்தது. மணமக்களுக்கு இப்போது ஸ்கூல் போகும் பிள்ளைகள், மேசை இன்னும் ஆடவில்லை. நான் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த மனைவி, "அது என்ன பாவம் பண்ணுச்சு? கீழ வைங்க" என்றாள்.

பதற்றம் முற்றிய ஒரு காலையில், வாசல் கேட்டைத் திறக்கப் போனபோது, கேட்டில் தொங்கிய மக் என் கையில் இடித்தது.

எங்கள் குடியிருப்பு சேக்காட்டில் இருக்கிறது. கீழே இரண்டு வீடு, மேலே ஒன்று. கீழே நாங்களும், எதிர் வாசலில் ஆட்டோக்காரரும். மேலே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரும் அவர் மனைவியான அக்காவும், மகள் குடும்பத்தோடு. தூத்துக்குடிக்காரர்கள், நெடுங்காலம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். மூன்று வீட்டுக்கும் தரைக்கடியில் ஒரே சம்ப், படிக்கட்டடியில் ஒரே மோட்டார், மொட்டை மாடியில் ஒரே தொட்டி. போன கோடையில் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து வெளியே போக, சம்பில் தண்ணீர் தீர்ந்தும் மோட்டார் ஓடி, உள்ளே காயில் கம்பி கருகிவிட்டது. அது சரியாகும்வரை குடத்தோடு தெருக்கோடிக்கு அலைந்தோம். அதற்குப் பிறகு மேல் வீட்டு அக்கா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். மோட்டார் போடுகிறவர் பழைய சிவப்பு மக் ஒன்றைக் கேட்டின் தாழ்ப்பாளில் மாட்ட வேண்டும், அணைத்ததும் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

காதறுந்து, சுண்ணாம்புக் கறை படிந்து, கம்பியில் கட்டப்பட்ட அந்த மக்கைப் பார்த்ததும் என் வட்டக் கண்ணாடி பளிச்சிட்டது. அசிங்கம்! எவ்வளவு அழகான அசிங்கம்! இதைத்தானே இத்தனை நாள் தேடினேன்.

எஸ்டேட்டில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி அக்ரிலிக்கில் ஒரு பலகை வெட்டிவந்தேன். நடுவில் ஒரு தள்ளு மூடி. இடப்பக்கம் தள்ளினால் சிவப்பில் 'ஓடுகிறது' என்று தெரியும், வலப்பக்கம் தள்ளினால் பச்சையில் 'நிற்கிறது'. அந்த 'டு'வின் வால் எவ்வளவு தூரம் வளைய வேண்டும் என்பதற்கே ஒரு வாரம் போனது. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், கண் மட்டத்தில், நான்கு ஆணி வைத்துப் பதித்தேன். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்குய்யா" என்றார் மேல் வீட்டு அக்கா. "கிளினிக் வாசல் மாதிரி இருக்கு."

ஆட்டோக்காரர் மூடியை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தார். "சோக்கா கீது நைனா. ஆனா, இதையும் தள்ள மறந்துட்டா?"

"இனிமே மறக்க மாட்டீங்க. அதுதான் டிசைன்."

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் எனக்குப் பயம் தருவது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வெயில் சாய்ந்து சுவரில் மஞ்சள் விழுந்தபோது பலகையைப் படம் பிடித்தேன். பச்சை படத்தில் எடுபடவில்லை. சிவப்புதான் கம்பீரமாக வந்தது. ஒப்பீட்டுக்காக அந்தப் பழைய மக்கையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். குழுவின் முன்னால் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இது, நேற்று" என்று ஆரம்பிப்பதாகத் திட்டம்.

ஞாயிறு காலை நான் பூந்தமல்லிக்குக் கிளம்பினேன். அன்று மேல் வீட்டு அக்காவின் பேத்திக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். தூத்துக்குடியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பூசை முடிந்து மொட்டை மாடியில் பந்தலும் பிரியாணியும். என் மனைவியும் சர்ச்சுக்குப் போகிறாள். மோட்டாருக்கும் தொட்டிக்கும் இதைவிடப் பெரிய நாள் கிடையாது.

தேர்வு அறையில் என் முறை வந்தது. திரையில் என் பலகை, மஞ்சள் வெயிலில், சிவப்பில். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்வலி முகம், அசல். நான் பைக்குள் கை விட்டு மக்கைப் பிடித்தேன். அப்போது பேன்ட் பையில் போன் அதிர்ந்தது. எதிர் வீட்டு ஆட்டோக்காரர். அவர் சும்மா கூப்பிடுகிறவர் இல்லை. எடுத்தேன்.

"நைனா, பாடி மேம்பாலத்தாண்ட கீறேன். இப்போதான் ஞாபகம் வந்துச்சு. காலைல நான் கிளம்பச்சொல்லோ உன் போர்டுல ஓடுதுன்னு இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டல்ல?"

"நான் போடவே இல்லையே. நீங்க பாத்துட்டு ஆஃப் பண்ணலையா?"

"பாத்தேன். சோக்கா கீதுன்னு நெனச்சிகினே பூட்டேன். கேட்டுல மக்கும் மாட்டல."

மக் எப்படி மாட்டியிருக்கும், என் கையில் அல்லவா இருக்கிறது!

மனைவிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மேல் வீட்டுக்குப் போட்டேன், சர்ச்சுக்குள் யார் எடுப்பார்கள். காலையிலிருந்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்ப் வற்றியிருக்கும். காயில் புகைந்து, ஒயர் உருகி, படிக்கட்டடியில் தீ பிடித்து, மேலே பிரியாணி, கீழே தீயணைப்பு வண்டி, நடுவில் வெள்ளைக் கவுனில் ஒரு சிறுமி. இதெல்லாம் என் தலைக்குள் நடந்து முடிய, மேடம் "சார்?" என்று கேட்கும் நேரம்தான் ஆனது.

"மேடம், மோட்டார்" என்றேன். தேர்வுக் குழுவிடம் நான் அன்று பேசிய மொத்த உரை அதுதான். கையில் மக்கோடு ஓடினேன்.

வெளியே ஷேர் ஆட்டோவில் தொற்றினேன். பாரிவாக்கம் சிக்னலில் வண்டி நின்றபோது பக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து நின்றார். நல்ல ஸ்கூட்டர், என்னுடையது போலவே என்று நினைத்த பிறகுதான், என்னுடையது கல்லூரி வாசலில் நிற்பது நினைவுக்கு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என் கறுப்பு டீ-ஷர்ட்டையும் மக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கோயில்ல ஊத்தவா சாமி?" என்றார். தலையாட்டி வைத்தேன்.

கேட்டைத் திறந்து உள்ளே பாய்ந்தேன். பலகை 'ஓடுகிறது' என்றது. சத்தமே இல்லை. படிக்கட்டடியில் கை வைத்துப் பார்த்தேன், மோட்டார் சில்லென்று இருந்தது. செத்தே நேரமாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். மூக்கில் புகை நெடி வேறு. சுவிட்சை அழுத்தினேன், அசைவில்லை. திரும்ப அழுத்தினேன். குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் 'மோட்டார் போய்விட்டது. முழுப் பொறுப்பும் என்னுடையது. மன்னிக்கவும்' என்று அனுப்பினேன். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பிறகு படியில் உட்கார்ந்தேன்.

வேன் வந்து நின்றது. சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். அக்கா பட்டுப்புடவையோடு முதலில் ஓடிவந்தார்.

"என்னய்யா ஆச்சு? மோட்டார் போயிட்டுன்னு போட்டிருக்கியே?"

"காலையிலேர்ந்து ஓடியிருக்குக்கா. யார் போட்டாங்கன்னு தெரியல. கருகிடுச்சு, நாத்தம் வருது பாருங்க."

அக்கா மோந்து பார்த்தார். "அது மாடியில பிரியாணிக்கு விறகு மூட்டுத நெடி. கரண்டு இல்லாம மோட்டார் எப்படிய்யா ஓடும்? காலையில அஞ்சு மணிக்கே டிரான்ஸ்பார்மர் வெடிச்சிட்டுல்லா."

"தொட்டி?"

"நேத்து ராத்திரியே நிரப்பியாச்சு. சிவப்பு மக்கைத்தான் காணல. எங்க வீட்டுப் பச்சை மக்கை மாட்டுனோம்."

"பலகை இருக்கே அக்கா?"

அக்கா கொஞ்சம் சங்கடப்பட்டார். "அது சொவத்துல இருக்குய்யா. மக்குன்னா, அதை எடுக்காம கேட்டைத் தெறக்க முடியாது பாரு."

என் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "காலையில மின்விசிறி ஓடலையே, கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. நான் பேச்சு ஒத்திகையில் இருந்தேன்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பலகையைச் சிவப்புப் பக்கம் தள்ளியது யார்? அந்த வாரம் முழுக்க ஒரு துப்பறிவாளனாகத் திரிந்தேன். தூத்துக்குடிச் சொந்தக்காரர்களைச் சந்தேகித்தேன். பந்தல்காரரை விசாரித்தேன். ஆட்டோக்காரரிடம் கேட்டதற்கு, "நான் தள்னா என் கைரேகை இருக்கும், எடுத்துக்க மாமே" என்று உள்ளங்கையை நீட்டினார்.

அடுத்த ஞாயிறு எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் பலகையைப் பார்க்கத்தான் முடியும், மக் வழியை மறித்து நிற்கும், ஆகையால் மக்தான் நல்ல டிசைன், என்னுடையது சுவர் அலங்காரம் என்றேன். யாரோ விஷமத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்பதையும் கவனமாகச் சேர்த்துக்கொண்டேன்.

தேர்வாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே படம், மஞ்சள் வெயிலில், சிவப்பில்.

"இந்த போட்டோ எப்ப எடுத்தீங்க?"

"முந்தின நாள் சாயங்காலம் சார்."

"எடுத்த பிறகு மூடியைத் திருப்பித் தள்ளினீங்களா?"

பின்வரிசையில் ஒரு பிள்ளை "அய்யய்யோ அங்கிள்" என்றது.

கடைசி இடத்தில் தேறினேன். இப்போது மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், குளிர் தாங்காமல் சால்வை போர்த்திக்கொண்டு. கேட்டில் பச்சை மக் தொங்குகிறது. அன்று மோட்டார் ஓடவே இல்லை. பலகையைத் தள்ளியவன் நான்.