லிஸ்ட் அக்காவின் கடைசிப் பக்கம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குழாயைத் திறப்பார். பீரோ, சோபா, டிவி எல்லாம் என்னைப் பார் என்னைப் பார் என்று நிற்கும். லிஸ்ட் அக்கா அவற்றைக் கண்டுகொள்ளாமல் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகுவார். தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது, மூடினால் சொட்டுகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பிறகுதான் கைப்பையிலிருந்து அந்த நீள நோட்டு வெளியே வரும்.

குடும்ப வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் போடுவதுதான் அவருக்கு வேலை; பெயரும் அதனால் வந்ததுதான். விவாகரத்துக்குப் போகும் கணவனும் மனைவியும் யாருக்கு எது என்று முட்டிக்கொள்ளும்போது, இரண்டு தரப்பும் சம்மதித்துக் கூப்பிடுகிற ஆள் இவர். மனைவிக்குப் பச்சை ஒட்டுச்சீட்டு, கணவருக்கு மஞ்சள், இழுபறிக்கு வெள்ளை. "கட்டிலை ரெண்டு பேருமே வேணாம்பாங்க. அடிச்சுக்கிறதெல்லாம் இஸ்திரிப் பெட்டிக்குத்தான்" என்பார்.

எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "குடிச்சா ஒரு பக்கம் சாஞ்சுட்டேன்பாங்க." ஒருமுறை மஞ்சள் சீட்டு ஒன்று அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டது. புருஷன் பங்கில் நானும் சேர்ந்துவிட்டேன் என்று அதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நோட்டின் கடைசிப் பக்கம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் சாமான் எதுவும் இருக்காது. எந்தச் சுவிட்ச் எதற்கு, எந்தப் பூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று வீட்டின் சூட்சுமங்கள் மட்டும் இருக்கும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வழக்கில் வீடு கிடைத்த ஒரு பெண் மூன்றே மாதத்தில் அதை விற்றுவிட்டுப் போனாராம். மோட்டார் போடத் தெரியவில்லை. அதைக் கேட்டுப் பிரிந்துபோன கணவரிடம் போய் நிற்க மனமும் இல்லை. "வீட்டைக் குடுத்தோம், அதை ஓட்டுற வித்தையைக் குடுக்கலையே" என்று அக்கா இன்றும் ஆற்றாமையோடு சொல்வார்.

போன வாரம் ஒரு மாடி வீடு. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. மகளின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். மற்ற சொத்தையெல்லாம் விட்டுத்தருகிறேன், வீடு மட்டும் போதும் என்றார் அவர். ஒன்றரை வருடத்துக்கு முன்பே தனியாகப் போய்விட்ட கணவர், விற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வீட்டை மனைவிக்கு விட்டுத்தரும் தாளில் அன்று அவர் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போய்விடும்.

"இவளால இந்த வீட்டைக் கட்டி மேய்க்க முடியாதுக்கா. எல்லாம் என் கைக்குப் பழகுனது. ஒரே மாசத்துல வித்துடுங்கன்னு அவளே வந்து நிப்பா."

"அப்போ அந்தப் பழக்கத்தைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"அது என் மூளையில இருக்கு. அதையும் பாதியா வெட்டுவீங்களா?"

"வெட்ட மாட்டேன். நகல் எடுத்துக்கிறேன்."

கணவர் சிரித்துவிட்டார். சிரித்த வாயால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மாடிப்படி விளக்குச் சுவிட்சை இரண்டு தடவை தட்ட வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் வால்வைத் துணி சுற்றித்தான் திருப்ப வேண்டும். பின்கதவைச் சற்றுத் தூக்கித் தோளால் இடிக்க வேண்டும். சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மனைவி ஒரு மூலையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

எழுதியதைச் சரிபார்க்காமல் அக்கா நோட்டை மூடுவதில்லை. சுவிட்சை இரண்டு தடவை தட்டினார். முதல் தட்டில் விளக்கு எரிந்தது, இரண்டாவதில் அணைந்தது. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நீலப் பிடி போட்ட புது வால்வு ஒற்றை விரலுக்குத் திரும்பியது.

"மாத்தியாச்சாம்மா?"

"போன வருசமே மாத்திட்டேங்க்கா. பிளம்பர் இதோ வர்றேன், அதோ வர்றேன்னு இழுத்தடிச்சார். நானே ஸ்பேனர் வாங்கிட்டேன்."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"யாரு கேட்டா? அவரும் கேக்கல, வக்கீலும் கேக்கல. நீங்களும் அவர்கிட்டதானே கேட்டீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் கடைசிப் பக்கத்துக்கான கேள்வியை, வீட்டை விட்டுப் போகிறவரிடம்தான் அவர் கேட்டிருக்கிறார். இருக்கப் போகிறவருக்கு என்ன தெரியும் என்று ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார்.

கணவர் விடுவதாக இல்லை. "பின்கதவைப் பாருங்க! அது என் தோளுக்குத்தான் அசையும்!" என்று போய், கைப்பிடியைத் திருகிக் கதவைத் தூக்கி ஓர் இடி இடித்தார். கீல் மாற்றி எண்ணெய் போட்டிருந்த கதவு அப்படியே வழிவிட்டது. போன வேகத்தில் அவர் கொல்லைப்புறத்தில் போய் நின்றார். பின்னாலேயே கதவு தானாகச் சாத்திக்கொண்டு பூட்டியும் கொண்டது.

உள்ளே யாரும் சிரிக்கவில்லை. வெளியே காலடி ஓசை வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனது. வாசல் மணி அடித்தது.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிஸ்ட் அக்கா எழுந்திருக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்து மேசையில் விரித்தார். பேனாவை மூடி கழற்றி அதன்மேல் வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, வாசல் பக்கம் மெல்லக் கண்ணைக் காட்டினார்.